காலிப் பெட்டிக்குக் கரண்ட்

ஏப்ரல் 6

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாகப் போன் செய்கிறேன். தாங்கள் எடுப்பதாக இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நான் சத்தம் போட்டது தங்களுக்குக் கோபமாக இருக்கலாம். எனக்கும்தான் கோபம். ஆகவே எழுதித் தண்ணீர் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் தினமும் என் கடையைத் தாண்டித்தான் தங்கள் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் மாற்றிப் பேசக் கூடாது. என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போட்டால்தான் அவள் நடமாட முடியும். இதை மறைத்து நான் கல்யாணம் செய்துவைக்கவில்லை. தாங்களும் மாப்பிள்ளையும் பேச வந்த அன்று மருந்துப் புட்டியை எடுத்து முன்னால் வைத்துவிட்டுத்தான் டீ கொடுத்தேன்.

தங்கள் வீடு, நகரம் முடிந்து கரண்ட் கம்பமும் முடிந்த பிறகு இருக்கிறது. டயர் குடோனோடு கம்பம் நின்றுவிட்டது. வரும் வரும் என்று கரண்ட் ஆபீஸில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வீடோ தகரக் கூரை. கோடையில் அதற்குள் மருந்து தாங்காது. சோலார் வேலை செய்கிறவன் மகள் மருந்தை மண்பானையில் வைத்துக்கொண்டு திண்டாடக் கூடாது என்று நானே வந்து கூரையில் பேனல் போட்டேன். பேட்டரி வைத்தேன். குட்டி ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கிக் கொடுத்து, அதற்கு மருந்துப் பெட்டி என்று பெயரும் வைத்தேன். மருந்துப் பெட்டி, இரண்டு பல்பு, ஒரு ஃபேன், ஒரு செல்போன், இதற்கு மேல் அந்த பேட்டரி தாங்காது என்று தங்களிடம் தெளிவாகச் சொன்னேன். தாங்களும் தலையாட்டினீர்கள்.

பிறகு என்ன நடந்தது? பக்கத்து வீட்டுக்கு ஒரு வயர். எதிர்வீட்டுக்கு ஒரு வயர். மூலை வீட்டுக்கு ஒரு வயர். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளிக் கொடுத்திருக்கிறீர்கள். இருட்டிய பிறகு பேட்டரி இறங்கிப் பெட்டி நின்றிருக்கிறது. மறுநாள் வெயில் ஏறியதும் தானாக ஓடியிருக்கிறது. பகலில் தொட்டுப் பார்த்தவர்களுக்குச் சில்லென்று இருந்திருக்கும். இப்படியே எத்தனை நாளோ. மருந்து சூடாகி, குளிர்ந்து, மறுபடி சூடாகி, வெறும் தண்ணீராகிப் போய்விட்டது. அந்தத் தண்ணீரைத்தான் என் பாப்பா ஊசியில் ஏற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் டாக்டர் புட்டியைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் எல்லாருக்கும் விஷயம் புரிந்தது.

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். என் மகள் உயிருக்கு மிஞ்சினதா தங்கள் தர்மம்?

பாப்பா இப்போது என் வீட்டில் இருக்கிறாள். இனியும் இங்கேதான் இருப்பாள். தங்கள் தெருவுக்குக் கம்பம் வரட்டும், பிறகு பார்க்கலாம். பேனலையும் பேட்டரியையும் ஒருநாள் வந்து கழற்றிக்கொள்வேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஏப்ரல் 8

சம்பந்திக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கொடுக்கும்போதே டிரைவர், "மனச விட்டுடாதீங்கம்மா, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். அடுத்த கடிதத்தையாவது ஒட்டி அனுப்புங்கள்.

நான் இஸ்திரி போடுகிறவள். கரிப்பெட்டி பிடித்த கை. எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயர் கொடுத்தது நான்தான். ஆமாம். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

மறைக்காமல் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் மட்டும் மறைத்தோமா? எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் உங்கள் டீயைக் குடித்தேன்.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அவள் மயங்கி விழுந்தபோது நான் வேலைக்குப் போயிருந்தேன். எங்கள் தெருவுக்குள் ஆட்டோ வராது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு டயர் குடோன் வரைக்கும் ஓடியவள் பக்கத்து வீட்டுப் பஞ்சர்க்காரர் மனைவி. ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் "கரண்ட் திருடித் தின்ற தெரு" என்று கத்தினீர்களே, அப்போது எனக்குப் பக்கத்தில் நின்றவள் அவள்தான். காலில் செருப்புகூட இல்லை. நீங்கள் எங்கே அதையெல்லாம் பார்க்கிற நிலைமையில் இருந்தீர்கள். பெற்றவர் வயிறு எரிந்தது, எனக்குப் புரிகிறது. அவளுக்கும் புரிந்தது என்றுதான் சொன்னாள். ஆனால் அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

என் மருமகள் சாப்பிடுகிறாளா? உட்காரவைத்துத் தட்டைக் கையில் கொடுக்காதீர்கள். அவளுக்கு அது பிடிக்காது. தானே போட்டுச் சாப்பிட்டால் இரண்டு வாய் கூட இறங்கும். சாயங்காலம் கொஞ்சம் நடக்கவிடுங்கள்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பேனலைக் கழற்ற வேண்டாம்.

உங்கள் மகளின் மாமியார்


ஏப்ரல் 11

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கடிதத்தை ஒட்டியிருக்கிறேன். டிரைவர் முகம் வாடிவிட்டது.

பேனலைக் கழற்ற வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. மகள் போனாலும் பரவாயில்லை, மகள் வீட்டுக் கரண்ட் போகக் கூடாது, அப்படித்தானே?

நான் கருமி இல்லை சம்பந்தியம்மா. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். என் தொழிலே அளப்பதுதான். இந்த வெயிலுக்கு இவ்வளவு வரும், இந்த பேட்டரியில் இவ்வளவு நிற்கும், அதை வைத்து இவ்வளவுதான் எரிக்கலாம். அளவு தெரியாத கையில் கொடுத்தது என் புத்தி.

அதோடு, அந்த வயரை இழுத்தது யார்? தாங்கள் கூரை ஏறியிருக்க மாட்டீர்கள். பஞ்சர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். அவருக்கு டியூப் ஒட்டத் தெரியும். வயர் ஒட்டத் தெரியுமா? தகரக் கூரையில் ஒரு ஜாயிண்ட் தளர்ந்தால் போதும், தெருவே எரிந்துபோகும். மருந்து கெட்டதோடு போயிற்று என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். வாயே திறக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். தங்களுக்குப் பயந்துதான் பேசவில்லை என்று நினைக்கிறேன். வெளியூருக்கு லோடு லாரி ஓட்டிப் போயிருக்கிற மாப்பிள்ளை வழியில் எங்கிருந்தோ போன் செய்தார். "அம்மாவும் நீங்களும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க மாமா, எனக்கு ரெண்டு பேரும் வேணும்" என்று சொல்லி லாரியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். நல்ல பிள்ளை, எதிலும் மாட்டமாட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, 19ஆம் தேதி, வந்து கழற்றுகிறேன். தங்களுக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்கமாட்டேன்.

சம்பந்தி


ஏப்ரல் 12

சம்பந்திக்கு,

வாருங்கள். வீடு பூட்டியிருக்காது. ஞாயிறு எனக்குத் துணி அதிகம், இஸ்திரி வண்டியில் இருப்பேன். ஏணி பஞ்சர்க்காரர் வீட்டில் இருக்கிறது. கேட்டால் கொடுப்பார்கள். அவர் மனைவியைப் பார்த்தால் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.

எனக்குப் பயந்து பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்ததே நினைவில்லை. யாரோ ஒருவருடைய நல்ல சட்டை, காலர் கருகிப் போயிற்று. மனசு ரொம்ப வலித்தது சம்பந்தி. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.


ஏப்ரல் 20

சம்பந்தியம்மாவுக்கு,

நேற்று வந்தேன். கழற்றவில்லை. அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏன் கழற்றவில்லை என்பதை எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

ஏணி கேட்கப் பஞ்சர்க்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவிதான் இருந்தார். நல்ல வார்த்தை ஒன்றை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவரைப் பார்த்ததும் ஏணி வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவர் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தார், ஏணியைத் தூக்கி வந்து வைத்தார், நான் ஏறி முடிக்கும்வரை கீழே பிடித்துக்கொண்டும் நின்றார்.

கூரையில் வயர்களெல்லாம் வெட்டப்பட்டிருந்தன. வெட்டியது நீங்கள்தான். கம்பி நசுங்கியிருந்தது. துணிக் கத்தரிக்கோலால் செம்புக் கம்பியை வெட்டினால் அப்படித்தான் ஆகும். அந்தக் கத்தரி இனி எதற்கும் உதவாது. ஆனால் பேனல் பக்கம் ஜாயிண்டுகள் அப்படியே இருந்தன. அதில் ஒன்றைக் கையில் எடுத்தேன். எடுத்தவன் கூரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தகரம் சுடச்சுட மற்ற ஜாயிண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

சொல்கிறேன். ஜாயிண்ட் போட்டால் எல்லாரும் டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். தகரக் கூரைச் சூட்டில் டேப்பின் பசை இளகிப் பிரிந்து வந்துவிடும். அதனால் நான் டேப்பின் மேல் தையல் நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவேன். இந்த ஊரில் வேறு எவனும் அப்படிச் செய்வதில்லை, கேலிதான் செய்வார்கள். பாப்பா சின்னவளாக இருந்தபோது வேலைக்கு என்னோடு வருவாள். அவள் அம்மா போன பிறகு வீட்டில் விட்டுவர ஆளில்லை. என் தடித்த விரலுக்கு நூல் சிக்காது. அவள்தான் கட்டுவாள். ரிப்பன் கட்டுவது போல இரண்டு காது வைத்துப் பூ முடிச்சாகக் கட்டுவாள். முதலில் திட்டினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

உங்கள் கூரையில், தெருவுக்குப் போன அந்த வயர்களின் ஒவ்வொரு ஜாயிண்டிலும் சிவப்பு நூலில் இரண்டு காது வைத்த பூ முடிச்சு இருந்தது.

கீழே இறங்கி வீட்டுக்குள் போனேன். பேட்டரியைப் பார்க்கத்தான் போனேன். ஹோல்டரில் பல்பு இல்லை. இரண்டையும் கழற்றிப் பேப்பரில் சுருட்டி அலமாரியில் வைத்திருக்கிறீர்கள். ஃபேன் வயரைச் சுருட்டிக் கட்டியிருக்கிறீர்கள். உங்கள் செல்போன் அங்கேயே கிடந்தது. அழுத்திப் பார்த்தேன், உயிர் இல்லை. வீட்டில் ஓடியது மருந்துப் பெட்டி மட்டும்தான். திறந்து பார்த்தேன். சில்லென்று காற்று வந்தது. மருந்துத் தட்டைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறீர்கள். உள்ளே வேறு ஒன்றும் இல்லை.

எத்தனையோ வீட்டுக்கு பேனல் போட்டிருக்கிறேன். டிவிக்காகப் பல்பை அணைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காலிப் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன்.

எனக்கு இரண்டு பதில் வேண்டும். வயர் இழுத்தது என் மகள். நீங்கள் ஏன் "நான்தான்" என்று எழுதினீர்கள்? அந்தப் பெட்டி ஏன் ஓடுகிறது?

சம்பந்தி


ஏப்ரல் 23

சம்பந்திக்கு,

'தாங்கள்' போய் 'நீங்கள்' வந்திருக்கிறது. நல்லது. 'தாங்கள்' என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்த மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் உங்களுக்குத் தகவல் சொல்லி, நீங்கள் வருவதற்குள் அவளுக்குக் கண் திறந்துவிட்டது. டாக்டர் புட்டியைப் பார்த்துச் சொன்னதை அவளும் கேட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, வயர் இழுத்தது நான்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. அவர் தாங்கமாட்டார்" என்றாள். அந்த நேரத்தில் அவள் என்ன கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன். சம்பந்தி என்னைத் திட்டினால் நாலு நாள் வலிக்கும், பிறகு போய்விடும். மகளைத் திட்டினால் இரண்டு பேருக்கும் ஆயுசுக்கும் வலிக்கும். அதனால்தான்.

நீங்கள் அவளைப் பாப்பா என்கிறீர்கள். அவள் பாப்பா இல்லை. இந்தத் தெருவுக்கு வந்த புதிதில், இருட்டினால் எங்கள் வீட்டில் மட்டும்தான் வெளிச்சம். தெருப் பெண்கள் வேலையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார்கள். ஒருத்தி பட்டன் தைப்பாள், ஒருத்தி குழந்தைக்குப் பேன் பார்ப்பாள். நான் துணி மடிப்பேன். அவளுக்கு அது சங்கடமாக இருந்தது. வெளிச்சத்துக்காக அவர்கள் நம் வாசலில் வந்து நிற்க வேண்டுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொன்னாள், அதை மட்டும் நான் மறக்கமாட்டேன். "பொறந்ததிலிருந்து எல்லாரும் எனக்குத்தான் குடுத்திருக்காங்க அத்தை. மருந்து குடுக்கிறாங்க, சாப்பாடு குடுக்கிறாங்க, உட்கார எடம் குடுக்கிறாங்க. நான் குடுக்கிறதுக்கு இப்பதான் எங்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு பல்பு, அதுவும் சாப்பிடுகிற நேரம் மட்டும் என்றுதான் கொடுத்தாள். கணக்கெல்லாம் போட்டாள். முதல் நாள் பஞ்சர்க்காரர் வீட்டில் பல்பு எரிந்ததும் தெருவே கைதட்டியது. அவள் கூரையிலிருந்து இறங்கி வந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு நாங்கள் பார்க்காத நேரத்தில் எதிர்வீட்டில் பல்போடு ஃபேனும் ஓடியது. மூலை வீட்டுக்காரர் பழைய டிவி ஒன்றைத் தூக்கி வந்தார். தட்டிக் கேட்டிருக்க வேண்டியவள் நான். தெருவில் மூத்தவள் நான்தான். நல்ல பெயர் கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். உங்கள் பழமொழி எல்லாம் எனக்குப் பொருந்தும், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கேள்வி. அவளை நீங்கள் அழைத்துப் போன அன்றே கத்தரியை எடுத்துக்கொண்டு கூரை ஏறினேன். என்னால் ஏற முடியாது என்று நினைத்தீர்களே, ஏறினேன். இறங்கத்தான் பஞ்சர்க்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் பெட்டி நிற்கவே கூடாது என்று தோன்றியது. பல்பு வேண்டாம், போன் வேண்டாம். என் இஸ்திரிப் பெட்டிக்குக் கரிதான், உங்கள் கரண்ட் வேண்டாம். அவள் எந்த நேரத்தில் மருந்தோடு வாசலில் வந்து நின்றாலும் பெட்டி சில்லென்று இருக்க வேண்டும். வந்தபிறகு போட்டுக்கொள்ளலாமே என்று நினைத்து ஒருநாள் சுவிட்சில் கையும் வைத்தேன். அணைத்தால், அவள் வரமாட்டாள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கையை எடுத்துவிட்டேன்.

போனை எடுக்கவில்லை என்று உங்களுக்குக் கோபம். கோபமெல்லாம் இல்லை. சார்ஜ் இல்லை.

அவளைத் திட்டாதீர்கள்.


ஏப்ரல் 30

சம்பந்தியம்மாவுக்கு,

திட்டினேன். திட்டாதீர்கள் என்று நீங்கள் எழுதியதை நாலு தடவை படித்துவிட்டுத்தான் திட்டினேன். "உன் உயிரை எடுத்து எதிர்வீட்டு ஃபேனுக்குக் கொடுத்திருக்கிறாயே" என்றேன். அவள் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். வந்த நாளாக அவள் அப்படி நிமிர்ந்து உட்காரவில்லை.

"ஜாயிண்ட் தளர்ந்திருந்துதாப்பா?" என்று கேட்டாள்.

எனக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. தளரவில்லை என்றேன். இவ்வளவு வெயிலில் ஒன்றுகூடப் பிரியவில்லை என்றேன். அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது. அத்தை எப்படி இருக்கிறார்கள் என்றாள். பல்பைக் கழற்றி வைத்ததையும் காலிப் பெட்டி ஓடுவதையும் சொன்னேன். உடனே அலமாரியைத் திறந்து துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டாள். நான்தான் பொறு என்று உட்காரவைத்தேன்.

அவள் போட்ட கணக்கை வாங்கிப் பார்த்தேன். தப்பில்லை. என் கடையில் வேலை செய்கிறவர்களைவிட நன்றாகப் போட்டிருக்கிறாள். அதில் எதிர்வீட்டு ஃபேன் இல்லை, மூலை வீட்டு டிவி இல்லை, அவ்வளவுதான். இடங்கொடுத்தால் மடம் பிடுங்கும் மனிதர்களைப் பற்றி நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இனிமேல் மருந்துப் பெட்டிக்குத் தனி பேனல், தனி பேட்டரி. அதிலிருந்து ஒரு முடி அளவு வயர்கூட வெளியே போகாது. பழைய பேனல் வீட்டுக்கும் தெருவுக்கும். ஒவ்வொரு வீட்டு வயரிலும் சின்ன ஃபியூஸ் ஒன்று வைத்தால், பல்புக்கு மேல் எதை மாட்டினாலும் அந்த வீடு மட்டும் அணைந்துவிடும். யாரோடும் சண்டை போட வேண்டாம், நல்ல பெயரும் கெடாது. இதை யோசித்தது அவள்தான், நான் இல்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டேன், ஆனாலும் அனுப்ப மனசு வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது சம்பந்தியம்மா. அவள் அம்மாவையும் இப்படித்தான் ஒருநாள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். திரும்பி வரும்போது நான் மட்டும்தான் வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் உங்களைத் திட்டினது அந்தப் பயம்தான். என் மகள் என் கண் முன்னால் இருந்தால் ராத்திரி தூங்குகிறேன். இல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

சம்பந்தி


மே 2

அண்ணா,

அனுப்புங்கள் என்று நான் கேட்கமாட்டேன். கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்றும் தெரியவில்லை. அவளைக் கேளுங்கள். அவள் இருக்கிறேன் என்றால் இருக்கட்டும். நான் இங்கிருந்து வாரா வாரம் வந்து பார்த்துக்கொள்வேன், உங்கள் டீ அவ்வளவு மோசமில்லை.

தெருவில் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினேன். இந்தத் தடவை வாயை மூடவில்லை. மூலை வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "எங்க டிவியாலதான் அந்தப் பொண்ணு விழுந்துதுன்னு தெரிஞ்சிருந்தா தூக்கிட்டே வந்திருக்கமாட்டேம்மா" என்றார். யார் சொன்னது அவருக்கு? யாரும் சொல்லவில்லை. மருந்து விஷயத்தை நாங்களே யாருக்கும் சொல்லாமல் கொடுத்துவிட்டு அவர்களை எப்படிக் குறை சொல்வது. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை.

டயர் குடோன் கரி வந்து பேனல்மேல் படிகிறது. பஞ்சர்க்காரர் மனைவி தினமும் காலையில் ஏறித் துடைக்கிறாள். யாரும் சொல்லவில்லை, தானாகச் செய்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் சொன்னதற்கு உங்கள் நல்ல வார்த்தை இன்னும் வந்து சேரவில்லை என்பதையும் நினைவுபடுத்துகிறேன்.

பயம் எனக்கும்தான் அண்ணா. பயந்தவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொண்டால் ஆகாதா?


மே 10

தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தைத் தண்ணீர் லாரி டிரைவரிடம் கொடுக்கவில்லை. கொண்டுவருகிறவள் கையில் புது பேனலும் பேட்டரியும் மருந்தும் இருக்கும். டிரைவர் தன் வண்டியிலேயே ஏற்றி வருகிறேன் என்றார், விட்டுவிட்டேன். பஞ்சர்க்காரர் மனைவிக்கு ஒரு ஜோடி செருப்பு அனுப்பியிருக்கிறேன். அளவு தெரியாமல் குத்துமதிப்பாக வாங்கியது. நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வராது, அதையே வார்த்தையாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் வரவில்லை. வந்தால் ஏணியில் நான்தான் ஏறுவேன், அவளைக் கீழே நிற்கச் சொல்லுவேன். என்னை எனக்குத் தெரியும். அவளே போடட்டும். வாசல் வரைக்கும் வந்து லாரியில் ஏற்றிவிடுவேன். "பாப்பா, பார்த்துப் போ" என்று வாய் வரைக்கும் வரும். "ஜாயிண்டைப் பார்த்துப் போடு" என்று மாற்றிச் சொல்லி அனுப்புவேன்.

மருந்துப் பெட்டியின் புது பேட்டரியை ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். சாவியை இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். அது உங்களிடமே இருக்கட்டும். அவள் கேட்டாலும் கொடுக்காதீர்கள். யாராவது வாசலில் வந்து நின்றால் அவள் அதையும் எடுத்துக் கொடுத்துவிடுவாள், அவளை நம்ப முடியாது. முதல் கடிதத்தில் உங்களை ஊதாரி என்கிற மாதிரி எழுதினேன். பல்பைக் கழற்றிக் காலிப் பெட்டியைக் காத்தவர் நீங்கள். அந்தத் தெருவிலேயே நான் நம்புகிற ஒரே கருமி நீங்கள்தான்.

அண்ணன்


மே 11

அண்ணா,

வந்து சேர்ந்தாள். டிரைவர் தெரு முனையிலிருந்தே ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தார். தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு ஓடி வந்தவர்கள் இவளைப் பார்த்துக் குடத்தைப் போட்டுவிட்டார்கள்.

இளைத்திருக்கிறாள். அதற்கு உங்களிடம் தனியாகச் சண்டை போட வேண்டும். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நேரே கூரைக்கு ஏறிவிட்டாள். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். பஞ்சர்க்காரர் மனைவி ஸ்க்ரூவும் டேப்பும் எடுத்துக் கொடுத்தாள். புதுச் செருப்போடுதான் நின்றாள், கொஞ்சம் பெரிது, கழற்றமாட்டேன் என்கிறாள். நூல் கொண்டுவர மறந்துவிட்டாளாம் உங்கள் மகள். என் பழைய சேலை ஓரத்திலிருந்து உருவிக் கொடுத்தேன். பச்சை நூல். இரண்டு காது வைத்துத்தான் கட்டினாள், கீழே நின்று பார்த்தேன்.

தெரு வயர்களை ஃபியூஸ் வைத்து மறுபடி இழுத்ததும், எதிர்வீட்டில் அவசரப்பட்டு ஃபேனை மாட்டிப் பார்த்தார்கள். உடனே அணைந்தது. தெருவே சிரித்தது, அவர்களும் சிரித்துவிட்டார்கள்.

மருந்தைத் தட்டில் அவள்தான் அடுக்கினாள். பெட்டியை மூடிவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "அத்தை, நீங்க எத்தன நாள் இருட்டுல இருந்தீங்க?" என்று கேட்டாள். நான் எண்ணவில்லை என்றேன். பிறகு இரண்டு பேருமாக அலமாரியிலிருந்து பல்பை எடுத்துப் பேப்பரைப் பிரித்து மாட்டினோம். இத்தனை நாள் கழித்துப் பார்த்ததால் கண் கூசியது, அதனால்தான் கண்ணில் தண்ணீர் வந்தது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

சாவி என் முந்தானையில் முடிந்திருக்கிறது. கொடுக்கமாட்டேன்.

இது என் கடைசிக் கடிதம். இதைக் கொண்டுவருகிற டிரைவருக்கு வேலை போகிறதே என்று வருத்தம், டீ கொடுத்து அனுப்புங்கள். ராத்திரி தூக்கம் வராவிட்டால் என்ன செய்வேன் என்று கேட்டிருந்தீர்களே, எனக்குப் போன் செய்யுங்கள். எந்த நேரமானாலும் எடுப்பேன். திட்டுவதானாலும் திட்டலாம். சார்ஜ் நிறைய இருக்கிறது.

தங்கச்சி